பயிற்சி அறையிலும் ஒரு கம்பிப் பந்தல்

அன்புள்ள தோழிக்கு,

நீ அனுப்பிய பவானி ஜமுக்காளம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக, புது நூல் வாசனையோடு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் எங்கள் வட்டார வள மையத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒரு முறை உட்கார்ந்து பார்த்தாயிற்று. உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தலைமையாசிரியை ஆனதிலிருந்து உட்காரவே நேரமில்லை என்று எழுதியிருந்தாய். தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டு.

இவ்வளவு பெரிய ஜமுக்காளம் எதற்கு என்று கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். எங்கள் பயிற்சி அறையை மாற்றிக்கொண்டிருக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் ஐம்பது வயது ஆசிரியைகள் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி வராந்தாவிலேயே நின்று கேட்டாள். அந்த இரண்டு நாளும் நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை, அவள் நின்றது மட்டும் அப்படியே இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. எந்தக் கொள்கையானாலும் மணிக்கணக்குதான் பேசுகிறார்கள். அந்த மணி நேரமெல்லாம் எங்கே உட்காருவது என்பதை யாரும் பேசுவதில்லை.

அதனால் முதலில் தூளிதான் கட்டினோம். மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில் இன்னொரு கொக்கி அடித்து, பழைய பருத்திப் புடவை. பிறகு பைகளை மாட்ட ஆணி, சாப்பாட்டுக் கூடை வைக்க ஒரு பெஞ்சு, கழிப்பறைக்கு வாளியும் குவளையும் தாழ்ப்பாளும், ஒரு கண்ணாடியும். இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்கு வந்ததும் முகம் கழுவ வசதி வேண்டும். இதையெல்லாம் அலங்காரம் என்று சொல்வார்களா தெரியாது, எனக்கு இதுதான் முதல் அலங்காரம்.

அறை வெறும் கான்கிரீட். ஒருவர் பேசினால் நான்கு பேர் பேசுவது போல எதிரொலிக்கும். பின்சுவரில் ஆளுக்கொரு பழைய புடவை கொண்டுவந்து வரிசையாகத் தொங்கவிட்டோம். சத்தம் அடங்கிவிட்டது. உன் ஜமுக்காளம் விரித்த பிறகு இன்னும் நன்றாகக் கேட்கிறது. சுவரை ஃப்ளெக்ஸ் அடைத்துக்கொண்டிருந்தது, அதையெல்லாம் இறக்கினோம். ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளை முதுகில் எங்கள் ஒன்றியத்தின் வரைபடத்தை வரைந்தோம். வருகிறவர்கள் தங்கள் பள்ளி இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும். மலையடிவாரத்து ஈராசிரியர் பள்ளியிலிருந்து வரும் ஒரு ஆசிரியை ஒட்டிவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் அவருக்கு மிக அருகில் இன்னொரு பொட்டு இருந்தது. இரண்டு பேரும் ஆறு வருடமாக அடுத்தடுத்த ஊரில் வேலை பார்க்கிறார்கள், பெயர்கூடத் தெரியாது. அன்றைக்கு மத்தியானம் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டார்கள்.

நாற்காலிகளை வரிசையிலிருந்து எடுத்து ஆறு ஆறு பேராக வட்டமாகப் போட்டிருக்கிறோம். பேசுகிற எனக்கும் அதே நாற்காலிதான். மேடையைக் கதைப் புத்தகம் அடுக்கப் பயன்படுத்துகிறோம்.

இப்போது முக்கியமானதைச் சொல்ல வேண்டும். 2007இல், நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. அதற்கு முன் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியிருந்தார்கள். பள்ளி பள்ளியாகப் போய்க் கம்பிப் பந்தல் கட்டினோம், கீழ்மட்டக் கரும்பலகைக்குக் கறுப்படித்தோம். தலைக்கு மேல் தொங்கும் தாள்களில் தன்னுடையது எது என்று ஒவ்வொரு பிள்ளையும் அண்ணாந்து தேடும், கிடைத்ததும் பக்கத்துப் பிள்ளையைத் தட்டிக் காட்டும். பிள்ளைகளுக்கு இவ்வளவு செய்தோம், ஆசிரியர்களுக்கு ஏன் ஒரு பந்தல் கட்டவில்லை என்று இத்தனை ஆண்டு கழித்துத்தான் எனக்குத் தோன்றியது.

கட்டிவிட்டேன். குறுக்கும் நெடுக்குமாக ஆறு கம்பி, துணி கிளிப்புகள். ஆளுக்கொரு சதுரத் தாள். இந்த மாதம் என் வகுப்பில் நன்றாக வந்தது ஒன்று, வராதது ஒன்று, இரண்டையும் எழுத வேண்டும். பெயர் போட வேண்டியதில்லை. போன சனிக்கிழமை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு தாள்: “302இல் 47ஐக் கழிக்கச் சொன்னால் நடுவில் இருக்கும் பூஜ்யத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.” சாப்பாட்டு நேரத்துக்குள் அதற்குக் கீழே மூன்று தாள்கள் தொங்கின. ஒருவர் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகவும் நூறாகவும் கட்டி அவிழ்க்கச் சொல்லியிருந்தார். இன்னொருவர் நூறு ரூபாய்த் தாளுக்குப் பத்து ரூபாய்ச் சில்லறை, அதில் ஒரு பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய்க் காசுகள் என்று கடை விளையாட்டு எழுதியிருந்தார். மூன்றாவது தாளில் ஒரே வரி: “எனக்கும் இதேதான்.” முதல் தாளை எழுதியவர் அந்த மூன்றாவது தாளைக் கேட்டு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். நான் தயாரித்திருந்த ஸ்லைடுகளைக் காட்டவேயில்லை, மத்தியானம் முழுக்க அந்தக் கழித்தல் கணக்கைத்தான் பேசினோம்.

பழைய கீழ்மட்டக் கரும்பலகை ஒன்று இந்த அறையிலும் இருக்கிறது. அதற்கு முன்னால்தான் உன் ஜமுக்காளம். தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் எழுதிப் பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறோம். நாம் பி.எட். விடுதியில் பாட்டுப் பாடிக்கொண்டே சார்ட் வரைந்தது ஞாபகம் வருகிறதா? அதே மாதிரி இருக்கிறது.

செலவு பெரிதாக ஆகவில்லை. மின்விசிறிகளில் ஒன்று மட்டும் இன்னும் கடகடவென்று சத்தம் போடுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறோம். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். அப்புறம், உன் மகன் ரிசல்ட் என்ன ஆயிற்று? எழுது.

இதனுடன் ஒரு சதுரத் தாள் வைத்திருக்கிறேன். உன் பள்ளியில் நன்றாக வந்தது ஒன்று, வராதது ஒன்று எழுதி அனுப்பு. ஜன்னலோரக் கம்பியில் உனக்கு ஒரு கிளிப் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி