விளம்பரத் தோட்டத்தில் அட்டையே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் கையிலிருந்து செல்போனை எப்படிப் பிடுங்குவது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். பிடுங்குவதெல்லாம் ஆகிற காரியமில்லை. மழை பிடித்தால் நாள்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாத எங்கள் மலைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும். அதில் வருவதை நம்பலாமா என்று கேட்கப் பழக்குவதுதான் நடக்கிற வேலை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். ஒரு டீத்தூள் விளம்பரத்தைப் போட்டுக் காட்டி, "இதில் என்னவெல்லாம் காணோம்?" என்று மட்டும் கேட்டேன். "காலைக் கடிச்சு ரத்தம் குடிக்கிற அட்டையைக் காணோம் டீச்சர்!" "எங்கம்மா கத்தரி வச்சு வெட்டும், இந்த அக்கா ரெண்டு விரல்ல கிள்ளுது." "புதுச்சேலை கட்டிக்கிட்டு யாராச்சும் தோட்டத்துக்குப் போவாங்களா?" கடைசி பெஞ்சில் அதிகம் பேசாத ஒருத்தி, "எடை போடுற இடத்தையே காட்டலை" என்றாள். ஈர இலைக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதுதான் மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுப் பேச்சு. முப்பது விநாடிப் படத்தில் அதற்கு இடமேது?

ஊடகப் பாடம் என்றாலே சிவப்பழகு கிரீமில் தொடங்குகிறோம். பிள்ளைக்குக் கண்ணால் தெரிந்த இடத்தில் தொடங்கினால் நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதே கண்ணோடு மற்றதையும் பார்த்துவிடுகிறார்கள். எங்கோ சரிந்த மலையைக் காட்டி 'குன்னூர் ரோடு, இப்போது' என்று வந்த வாட்ஸ்அப் வீடியோவை, பஸ்ஸின் நிறத்தை வைத்தே பொய் என்று சொன்னான் ஒரு பையன். பெரியவர்கள் அதற்குள் நாலு குரூப்புக்கு அனுப்பியாயிற்று.

அடுத்தது பாக்கெட்டின் பின்பக்கம். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உயரம் கூடும் என்று வீட்டில் வாங்கித் தரும் பவுடர் டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எத்தனையாவது பெயராக நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னதே 2024 ஏப்ரலில்தான். உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாதாம். அதற்குள் எத்தனை தலைமுறை குடித்து முடித்துவிட்டது!

கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று 2020-இல் விதி வந்திருக்கிறது. எதிர்க்கடைப் பலகையில் கடைக்காரர் பெயரைவிடக் குளிர்பானத்தின் பெயர்தான் பெரிது. பிள்ளைகள் டேப் வாங்கிப் போய் அளந்தார்கள். சாலையின் அகலம்தான் தூரம். கடைக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பலகை இலவசமாகக் கிடைத்தது, மாட்டினார். நிறுவனத்துக்கு விதி தெரியாதா என்ன?

இப்படிப் பழக்கினால் பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவார்கள் என்று பெற்றோர் சிலர் வருத்தப்பட்டார்கள். பேசத்தான் செய்கிறார்கள். என்னிடமும்தான்.

உங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் மாணவர் இணைப்பில் பயிற்சி மையங்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வருகிறது. செய்திக்குரிய அதே எழுத்து, அதே பத்தி அமைப்பு. மூலையில் 'விளம்பரம்' என்று எறும்பு எழுத்தில் ஒரு சொல். என் வகுப்பில் அதைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்பது போல விளம்பரத்தில் வரும் பொறுப்புத்துறப்பு வாசகம், அந்த விளம்பரம் அடித்துச் சொல்லும் பெருமை இருக்கும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த நியாயம் இந்த ஒரு சொல்லுக்கும் பொருந்தும்தானே? மாணவர் இணைப்பிலாவது அதைத் தலைப்புக்கு மேலே, தலைப்பின் அளவிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.