நான்காம் தெருமுனைக் கேமராவும் எங்கள் நன்றியும்

எங்கள் நகரின் கண்காணிப்புக் கேமராக்களுக்காகப் பணமும் நேரமும் உழைப்பும் தந்த அனைவருக்கும், குடியிருப்போர் நலச்சங்கத்தின் சார்பில் அதன் செயலாளர் எழுதும் மடல்.

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த நம் நகரின் மூத்த அம்மா ஒருவரின் சங்கிலியை நான்காம் தெருமுனையில் இருவர் பறித்துச் சென்றதையும், ஐந்தாம் நாள் அவர்கள் பிடிபட்டதையும் அனைவரும் அறிவீர்கள். நீதிமன்றத்தின் வழியாகச் சங்கிலி அவர் கைக்கு வந்து சேர்ந்த அன்று, சங்கத்துக்குப் பாராட்டுகள் குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி எங்களுக்கு உரியதன்று என்பதால், உரியவர்களிடம் சேர்ப்பிக்கவே இதை எழுதுகிறேன்.

சென்னை மாநகரக் காவல் ஆணையராக திரு. ஏ.கே. விஸ்வநாதன் 2017 முதல் 2020 வரை இருந்த காலத்தில், 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்குடன் ‘மூன்றாவது கண்’ திட்டம் முன்னெடுக்கப்பட்டது. அதற்கான செலவில் பெரும்பங்கைக் கடைக்காரர்களும் நலச்சங்கங்களும் குடியிருப்பாளர்களுமே ஏற்றார்கள். நம் முதல் எட்டுக் கேமராக்கள் அவ்வாறு வந்தவைதாம். அந்த நன்கொடைப் பட்டியலை அண்மையில் மீண்டும் புரட்டிப் பார்த்தேன். நகைக்கடைக்காரர் தந்த பெருந்தொகைக்கு அடுத்த வரியிலேயே, இரண்டாம் தெரு இஸ்திரி வண்டிக்காரர் தந்த 200 ரூபாயும் பதிவாகியிருக்கிறது. பின்னர் 2022இல் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நாம் செலுத்த, எஞ்சியதை அரசு ஏற்று மேலும் சில கேமராக்கள் பொருத்தப்பட்டன. நன்கொடையாளர்கள் அனைவருக்கும் அரசுக்கும் எங்கள் முதல் வணக்கம்.

ஆனால் கேமரா வாங்குவது எளிது, அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பாடு. திறப்பு விழா முடிந்த மறுவாரமே காக்கை எச்சமிடும், அணில் கம்பியைக் கடிக்கும், வேப்பங்கிளை வளர்ந்து மறைக்கும், காதணி விழா பேனர் ஒன்று நேர் எதிரே எழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதில், தாழ்வாகப் பொருத்தப்பட்டிருந்த இணைப்புப் பெட்டிகள் மூழ்கி, பாதிக் கேமராக்கள் அணைந்தன. ஆண்டுப் பராமரிப்புக்கு முன்பணம் பெற்றிருந்த நிறுவனம் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. தன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்த நிலையில் நம் எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காயவைத்து, அத்தனையையும் ஏழடி உயரத்துக்கு ஏற்றிப் பொருத்தினார். பொருளுக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டு கூலியை மறுத்துவிட்ட அவருக்கு நாங்கள் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியரான முதல் தெரு ஐயாவின் பணியைப் பலரும் வேடிக்கையாகப் பேசியதுண்டு. திங்கட்கிழமைதோறும் பதிவுக் கருவியின் கடிகாரத்தைத் தம் அலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் திருத்தி, நோட்டில் கையெழுத்திட்டு வைப்பார். அந்த நோட்டின் அருமை இந்த வழக்கில்தான் புரிந்தது. மாலை இருளில் முகப்பு விளக்கின் கூச்சத்தால் வண்டியின் எண் நம் கேமராவில் வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் தெரிந்தது. இடப்பக்க இண்டிகேட்டர் உடைந்திருந்த ஒன்றே அடையாளம். குற்றப்பிரிவுக் காவலர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தெருமுனையிலும் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று கடைக்குக் கடை பதிவுகளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு கடையின் கடிகாரம் பதினோரு நிமிடம் பிந்தியிருந்ததால் அரைநாள் வீணாயிற்று. நம் பதிவின் நேரம் துல்லியமாக இருந்ததால், அதை அளவுகோலாக வைத்து மற்றவற்றைச் சரிசெய்துகொண்டார்கள். இறுதியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஹெல்மெட்டைக் கழற்றிய முகமும் வண்டி எண்ணும் கிடைத்தன. கேமரா திருடனைப் பிடித்தது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நான்கு இரவுகள் கண் எரியத் திரையைப் பார்த்திருந்த அந்த மூன்று காவலர்களுக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும்.

பதிவை நீதிமன்றம் ஏற்பதற்கான சான்றிதழைப் பொறுமையாக விளக்கி எழுதவைத்த உதவி ஆய்வாளர் அம்மையாருக்கும் நன்றி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, கருவியின் பொறுப்பாளரும் துறை வல்லுநரும் கையெழுத்திட வேண்டும், பதிவு பின்னர் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடான ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

அடுத்து எழுதுவது நன்றியோடு மன்னிப்பும் சேர்ந்தது. சம்பவம் நடந்த இரவு, உணவு கொண்டுவரும் இளைஞர் ஒருவரை நம்மில் சிலர் வழிமறித்து நிறுத்தினோம். பறித்தவர்களில் ஒருவரைப் போல அவரும் நீலச்சட்டை போட்டிருந்தார், அவர்களுடையதைப் போன்ற நிறத்தில் வண்டி வைத்திருந்தார் என்பதைத் தவிர நம்மிடம் காரணம் ஒன்றும் இல்லை. குரல்கள் உயர்ந்துகொண்டிருந்த நேரத்தில் ரோந்து வந்த தலைமைக் காவலர், “முதலில் பதிவைப் பாருங்கள், பிறகு பேசுங்கள்” என்று அனைவரையும் சங்க அறைக்கு அழைத்துச் சென்றார். சங்கிலி பறிபோன அதே நிமிடத்தில், அந்த இளைஞர் ஆறாம் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பொட்டலத்தோடு நின்றிருந்தது திரையில் தெரிந்தது. கூட்டத்தில் நானும் இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பின்னர் அவரைத் தேடிச் சென்று நேரில் மன்னிப்புக் கேட்டோம் என்றாலும், பெயர் சொல்லாமல் இங்கும் அதைப் பதிவு செய்வது நம் கடமை. அந்தத் தலைமைக் காவலர் பத்து நிமிடம் பிந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஐந்தாம் தெரு சகோதரி ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கேமரா தம் மாடி முற்றத்தை நோக்கியிருப்பதாக அவர் எழுத்தில் புகார் தந்தபோது, ஊரே ஒத்துழைக்கையில் இவருக்கு மட்டும் என்ன என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இலேயே தீர்ப்பளித்திருப்பதை அவர்தாம் நமக்கு நினைவூட்டினார். இப்போது அந்தக் கேமரா தெருவை நோக்கித் திருப்பப்பட்டு, வீட்டுப் பகுதி திரையில் கறுப்புக் கட்டத்தால் மறைக்கப்பட்டிருக்கிறது. எழுத்துவழிக் கோரிக்கை இன்றி யாருக்கும் பதிவைத் தருவதில்லை, வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதில்லை என்ற விதிகளும் அதன் பிறகே வந்தன. காவல் நிலையங்களுக்குள்ளும் கேமரா இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2020இல் ஆணையிட்டதை நம் கூட்டத்தில் எடுத்துச் சொன்னவரும் அவரே.

இம்மாதம் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் மாற்றப்பட்டுள்ளன, அவற்றின் ரசீதுகள் சங்க அறிவிப்புப் பலகையில் உள்ளன. முதல் தெரு ஐயாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடக்கவிருப்பதால், அடுத்த ஆறு திங்கட்கிழமைகளுக்குக் கடிகாரம் பார்க்க ஒருவர் தேவை. முன்வருவோர் என்னிடம் தெரிவியுங்கள், நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

நன்றியுடன்,
செயலாளர்,
குடியிருப்போர் நலச்சங்கம், சென்னை.