உதடு மரத்ததா என்று முதலில் பார்

ராயபுரம்
ஜூன் 20

அன்புள்ள ஸ்டெல்லா,

கடிதம் கிடைத்தது. பெரியவள் நர்சிங்கில் சேர்ந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டுப் படகுகள் கடலுக்குப் போய்விட்டன. மீன் வரத்து பரவாயில்லை, விலைதான் இறங்க மாட்டேன் என்கிறது. இந்த நேரம் பார்த்தா உன் கடைசிக் கடைவாய்ப்பல், அதுதான் ஞானப்பல், மக்கர் பண்ண வேண்டும்!

அதை எடுக்க முழு மயக்கம் கொடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஒரே ஒரு பல்லுக்கு அது வேண்டாம்டி. பட்டினி, ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மயக்க டாக்டர் என்று செலவும் அலைச்சலும்தான் மிச்சம். மரத்துப்போகிற ஊசியே போதும். விழித்திருப்பதால் நடப்பதெல்லாம் தெரியும். அதில் எது வலி, எது வெறும் அழுத்தம் என்று பிரிக்கத் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகிவிடும்.

அதற்கு முன்னால் ஒன்று. பல்லை மூடியிருக்கிற ஈறு மடிப்புக்குள் சோறு மாட்டி வீங்கியிருக்கிறது, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த நிலையில் பல்லில் கை வைக்க அவசரப்படாதே. சீழும் வீக்கமும் உள்ள சதையில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அங்கே போட்ட மருந்து நரம்பின் உறைக்குள் சரியாக நுழையாது. "எனக்கு ஊசியே வேலை செய்யாது" என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். முதலில் அந்த மடிப்பைக் கழுவி, வீக்கத்தை வற்ற வைக்க வேண்டும். மெடிக்கலில் நீயாக இரண்டு மாத்திரை வாங்கிப் போடாதே. ஆஸ்பிரினை ஈறில் ஒதுக்கி வைக்கிற பழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அது சதையை வெந்துபோக வைப்பதோடு சரி.

பல் எடுக்கிற அன்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. இட்லி, பொங்கல் எதுவானாலும் சரி. வெறும் வயிற்றோடு பயந்துகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தால் தலை சுற்றும். பிரஷர் மாத்திரையை வழக்கம்போலப் போடு. ரத்தம் உறையாமலிருக்க யாராவது மாத்திரை கொடுத்திருந்தால், அதை நீயாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்.

மரக்க வைக்கிற ஊசி மருந்து பெரும்பாலும் 2% லிக்னோகைன், 80,000-க்கு 1 என்ற அளவில் அட்ரினலின் கலந்தது. கீழ்ப்பல்லுக்கு அதைப் பல்லுக்குப் பக்கத்தில் போட்டால் போதாது, அங்கே எலும்பு கெட்டி. தாடையின் பின்கொம்புக்கு உள்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தில் போடுவார்கள். போட்டதும் ஒரு நிமிஷம் நெஞ்சு படபடக்கலாம், அது அட்ரினலின் வேலை. மூக்கால் மூச்சு விடு, அடங்கிவிடும்.

இனிதான் நீ கவனிக்க வேண்டிய இடம். 5 நிமிஷத்தில் அந்தப் பக்கத்துக் கீழுதடு, முகவாய் நடு வரைக்கும், தடித்துப்போன மாதிரி ஆக வேண்டும். நாக்கு மட்டும் மரத்து உதடு மரக்கவில்லை என்றால் அது கணக்கில்லை. நாக்கு நரம்பு வேறு, பல்லுக்கும் உதட்டுக்கும் போகிற நரம்பு வேறு. ஊசி குறி தப்பியிருக்கிறது என்று அர்த்தம். "உதடு இன்னும் மரக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல். இன்னொரு ஊசி போட இடமிருக்கிறது. 60 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கறாரான கணக்கில் பார்த்தாலும் 13 மில்லிலிட்டர் மருந்து வரை தாங்கும். ஒரு பல்லுக்குச் செலவாவது 2, 3 மில்லிலிட்டர்தான். கன்னத்தை ஒட்டிய ஈறுக்குத் தனியாக ஒரு சின்ன ஊசி உண்டு.

மரத்த பிறகு ஈறை விலக்கி, உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே எலும்பைக் கொஞ்சம் தோண்டுவார்கள். பல் சாய்ந்து தனக்கு முன்னால் இருக்கிற கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டிருந்தால் அதை இரண்டாக வெட்டி, துண்டு துண்டாக நெம்பி எடுப்பார்கள். ட்ரில் சத்தம் எலும்பு வழியாகக் காதுக்கே வரும். பல் உடைகிற 'டக்' சத்தமும் பெரிதாகக் கேட்கும். தாடையே கழன்றுவிடும் போல அழுத்தும். இதெல்லாம் வலி இல்லை. மருந்து வலியைக் கொண்டுபோகிற மெல்லிய இழைகளைத்தான் முதலில் அடக்குகிறது, அழுத்தத்தைச் சொல்கிற தடித்த இழைகள் கொஞ்சம் விழித்தே இருக்கும். ஆனால் சுரீரென்று, கூர்மையாக, மின்சாரம் மாதிரி வந்தால் அது வலி. இடது கையைத் தூக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் யாரும் மெடல் தரப்போவதில்லை. தாடை நோகாமலிருக்க ஒரு ரப்பர் கட்டையைக் கடிக்கக் கொடுக்கச் சொல். மேல்பல் என்றால் இவ்வளவு பாடு இல்லை. எலும்பு மெத்து, பல்லுக்கு மேலே போட்டாலே மரத்துவிடும்.

தையல் போட்டதும் மடித்த பஞ்சுத் துணியை ஒரு மணி நேரம் இறுக்கிக் கடி. துப்பாதே, எச்சிலை விழுங்கு. துப்பினாலும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாலும் குழிக்குள் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து வந்துவிடும். ரோஸ்மில்க் என்றால் டம்ளரிலேயே குடி. மரப்பு விடும் முன்பே வலி மாத்திரையைப் போட்டுக்கொள். உதட்டில் உணர்வு வர 3, 4 மணி நேரமாகும், அதுவரை சூடான டீயும் கடிக்கிற சாப்பாடும் வேண்டாம். உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. முதல் நாள் கன்னத்தில் ஐஸ், 15 நிமிஷம் வைத்து 15 நிமிஷம் எடுத்து. மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து விடு, கொப்பளிக்காதே. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். அதைப் பார்த்துப் பதறாதே.

பதற வேண்டியது வேறு. குறைந்துகொண்டிருந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திரும்பி, காது வரை தெறித்து, வாயில் கெட்ட வாடையும் அடித்தால் ரத்தக்கட்டி போய் எலும்பு வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள். அதற்கு ஆன்டிபயாடிக் பிரயோஜனமில்லை. குழியைக் கழுவி, கிராம்புத் தைலம் கலந்த மருந்தை வைத்தால் சீக்கிரமே வலி அடங்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை போடுபவர்களுக்கும் இது அதிகம் வரும். அதே மாதிரி மறுநாளும் உதடு மரத்தே இருந்தால் உடனே போன் பண்ணு.

முதல் வாரம் கஞ்சி, குழைந்த ரசம் சாதம், இட்லி. வஞ்சிரம் ஓடிப்போகாது, நெத்திலியோ முள் குழியில் சிக்கும். பர்மா கடை அத்தோ நூடுல்ஸைத் தையல் பிரித்த பிறகு பார்க்கலாம். பட்டு நூல் என்றால் ஏழாம் நாள் பிரிப்பார்கள்.

செலவுக்கு யோசித்தால் கோட்டை ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போ, கூட ஒருவரை அழைத்துப் போ. எங்கே எடுத்தாலும் முதலில் முழுத்தாடை எக்ஸ்ரே, ஓ.பி.ஜி. என்பார்கள், அதை எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பல்லின் வேர் நரம்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

உன்
விஜி