டோராவுக்கு ஒரு திருத்தம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கதையிலும் நாடகத்திலும் நிஜ வாழ்க்கையிலும் மனம் கலங்கிய பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த நீண்ட கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நிறையப் படித்தவர் என்று தெரிகிறது. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை: “டோராவைப் போன்ற பெண்கள் தங்கள் ஆசையையே கற்பனைக் கதையாக்கி ஆண்கள் மேல் பழி போடுகிறார்கள், உண்மை வெளிவரும்போது மருத்துவரை விட்டு ஓடிவிடுகிறார்கள்.”

மனப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் ஃப்ராய்ட், டோரா என்ற தன் இளம் நோயாளியைப் பற்றி எழுதிய பதிவு உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருந்தும் இந்த வரி எப்படி அச்சுக்குப் போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 1900-இன் கடைசி மாதங்களில் டோராவை ஃப்ராய்டிடம் அனுப்பிவைத்தவர் அவளுடைய அப்பா. அவருக்கும் குடும்ப நண்பரின் மனைவிக்கும் உறவு இருந்தது. அந்த நண்பரோ டோராவுக்கு 14 வயதானபோது, ஆளில்லாத கடையில் வைத்து அவளை இழுத்து முத்தமிட்டவர். பிற்பாடு ஏரிக்கரையில் மறுபடி நெருங்கியபோது அவர் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தாள். வீட்டில் சொன்னாள். அந்த ஆள் மறுத்தார். அவள் படிக்கிற புத்தகங்கள்தான் அவளுக்கு இப்படியெல்லாம் தோன்றக் காரணம் என்றார். அப்பா நண்பரை நம்பினார், மகளை நம்பவில்லை. அவள் புத்தியைத் தெளிய வைக்கும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார்.

ஃப்ராய்டுகூட அந்த ஏரிக்கரைச் சம்பவத்தைக் கற்பனை என்று சொல்லவில்லை. அது நடந்ததாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் உள்ளூர அவள் அந்த மனிதரைக் காதலித்தாள் என்று விளக்கம் சொன்னார். 14 வயதில் அந்த முத்தத்தால் அவளுக்கு வந்த அருவருப்பையே நோயின் அடையாளம் என்று எழுதினார். வருஷத்தின் கடைசி நாளோடு அவள் சிகிச்சையை நிறுத்திக்கொண்டாள். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். சில மாதங்கள் கழித்து அந்தத் தம்பதியை நேரில் பார்க்கப் போனாள். அந்த மனைவியிடம் உங்கள் உறவு எனக்குத் தெரியும் என்றாள், அவர் மறுக்கவில்லை. ஏரிக்கரையில் நடந்ததைக் கணவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். இதை எழுதியிருப்பது ஃப்ராய்டேதான், 1905-இல் வெளிவந்த அதே பதிவின் பின்னுரையில். உங்கள் கட்டுரையாளர் கடைசிப் பக்கங்கள்வரை போகவில்லையா? ஆசிரியர் குழுவில் ஒருவர்கூட எடுத்துப் பார்க்கவில்லையா?

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்கலாம். நான் மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ‘தகவல் தந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. பக்கத்திலேயே, அவர் நம்பத்தக்கவரா என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் கணவர், அப்பா, அண்ணன், மாமியார் என்று ஏதாவது இருக்கும். இரண்டாவதில் அநேகமாக எப்போதும் ‘ஆம்’. அழைத்து வந்தவர் தெளிவாகப் பேசுவார், தேதி சொல்வார், டாக்டருக்கு வணக்கம் வைப்பார். அந்தப் பெண்ணோ சாப்பிட்டிருக்க மாட்டாள், தூங்கியிருக்க மாட்டாள், தலைகூட வாரியிருக்க மாட்டாள். யாரை நம்புவார்கள்?

ஒரு பெண்ணை மட்டும் சொல்கிறேன். யாரென்று தெரியும்படி எதையும் எழுத மாட்டேன். பள்ளியை முடிக்காத வயது. அழைத்து வந்தவர் உறவுக்காரர், வீட்டுக்குப் பெரியவர். அவர் சொன்னதெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தது: சாப்பிடுவதில்லை, காரணமில்லாமல் கத்துகிறாள், தன் அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுத் தரச் சொல்லி அடம் பிடிக்கிறாள். நோயாளி தன் வாயால் சொன்னது என்ற இடத்தில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற ஒரே சொல். இரவு டியூட்டியில் அவள் என்னைக் கேட்டாள்: “சிஸ்டர், என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு?” தாழ்ப்பாள் விஷயமும் எழுதியிருக்கிறது என்றேன். “ஏன் கேட்டேன்னு எழுதியிருக்கா?” என்றாள். எழுதியிருக்கவில்லை. காலையில் டாக்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளோடு மட்டும் உட்கார்ந்தார். அந்தப் பெரியவர் அதன் பிறகு வார்டுக்குள் அனுமதிக்கப்படவில்லை.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் வரும் ஒஃபீலியாவின் பைத்தியத்துக்குக் கட்டுரையாளர் மூன்று பத்தி ஒதுக்கியிருக்கிறார். பூக்கள், பாட்டு, தண்ணீர் எல்லாம் இருக்கிறது. சொந்த அப்பாவே அவளை இளவரசனிடம் தூண்டில் இரையாக அனுப்பிவிட்டு ராஜாவோடு மறைந்து நின்று ஒட்டுக்கேட்டார் என்பது இல்லை. அந்த அப்பாவைக் கொன்றது அவள் நேசித்தவனே என்பதும் போகிறபோக்கில்தான் வருகிறது. அவள் சாவை மேடையில் யாரும் பார்ப்பதில்லை, ராணி வந்து சொல்லித்தான் தெரிகிறது. கிளை முறிந்து விழுந்தாள் என்கிறாள் ராணி. கல்லறை தோண்டுகிறவர்களும் பாதிரியாரும் அது தற்கொலை என்று சந்தேகிக்கிறார்கள். ஒரு பெண்ணின் முடிவை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள் என்றால், அதை ஆராய வேண்டாமா? ‘ஜேன் அயர்’ நாவலில் மாடியில் பூட்டிவைக்கப்பட்ட மனைவியும் அப்படியே. அவள் கதையில் பெரும்பகுதி நமக்குக் கிடைப்பது பூட்டிவைத்த கணவரின் வாயிலிருந்து. 1847-இல் வந்த நாவல் அது. அவள் பக்கத்துக் கதையை எழுத ஜீன் ரீஸ் என்ற எழுத்தாளர் வர 1966 ஆனது.

நிஜ வாழ்க்கையும் வேறாக இல்லை. எலிசபெத் பக்கார்ட் என்ற அமெரிக்கப் பெண்ணைக் கணவர் 1860-இல் மனநோய் விடுதியில் அடைத்தார். மதக் கருத்தில் கணவரோடு மாறுபட்டதுதான் எலிசபெத் செய்தது. மனைவியை அடைக்க விசாரணை தேவையில்லை என்று இல்லினாய் மாநிலச் சட்டமே அன்று இடம் கொடுத்தது. மூன்று வருஷம் உள்ளே இருந்தார். 1864-இல் வழக்கு ஜூரியிடம் போனபோது, அவர் புத்தி சரியாக இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு ஏழு நிமிஷம் போதுமாக இருந்தது. உங்கள் கட்டுரையில் இவர் பெயரே இல்லை. மனப்பகுப்பாய்வின் ஆரம்ப காலப் பதிவுகளில் இந்தப் புனைபெயரில் வரும் ‘அன்னா ஓ’ இருக்கிறார், நோயாளியாக மட்டும். அவர்தான் பெர்த்தா பாப்பன்ஹைம், பிற்காலத்தில் அநாதை இல்லத்தை நடத்தியவர், 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவியவர் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இடம் போதாமல் போயிருக்குமா?

இது இந்தக் கட்டுரையோடு போகிற விஷயமும் இல்லை. பெண்ணின் மனநலம் என்றால் உங்கள் பத்திரிகையில் ஒரே படம்தான்: தலைவிரி கோலம், பாதி முகத்தில் இருட்டு, சுவரில் விரல் நகங்கள். என் வார்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. போன வருஷம் ஒரு நடிகையின் மரணத்தை எழுதியபோது, அவர் எப்படி உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதைத் தலைப்பிலேயே போட்டீர்கள். முறையை விவரிக்காதீர்கள், தலைப்பில் போடாதீர்கள், உதவி கிடைக்கும் இடத்தைச் சேர்த்துப் போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைகளுக்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நீங்கள் அறியாததா அது? அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். கட்டுரையைப் பாராட்டிய முதல் பத்தியை மட்டும் வெளியிட்டு, மீதியை வெட்டிவிட்டீர்கள். என் பெயரோடு வந்த அந்தப் பாராட்டைப் பார்த்து என்னோடு வேலை செய்தவர்கள் போன் செய்து கேட்டார்கள். மிகவும் மனம் நொந்துபோனேன்.

கட்டுரையாளர் மேல் எனக்குப் பகை இல்லை. கலங்கிய பெண்ணை ஆராயட்டும், அது வேண்டிய வேலைதான். எங்கள் வார்டுக்கு வந்தவர்களில் உண்மையிலேயே நோயால் தவித்தவர்கள் நிறையப் பேர்; மருந்தும் கவனிப்பும் அவர்களைக் காப்பாற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆராய்கிறவர் அந்தப் பெண்ணைத் துருவுகிற அளவுக்கு, அவளைப் பற்றித் தகவல் சொன்னவரையும் துருவ வேண்டும். அவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்க வேண்டும். அதைச் செய்யாத ஆராய்ச்சி அந்த உறவுக்காரர் சொல்லி எழுதிய கேஸ் ஷீட்டைப் போலத்தான் இருக்கும். அதைப் படித்துவிட்டு ஒரு அப்பாவோ ஆசிரியரோ தன்னிடம் வந்து சொல்லும் பெண்ணை ‘டோரா மாதிரிக் கதை கட்டுகிறாள்’ என்று தள்ளிவிடக்கூடும். அந்த வாக்கியத்தில் நான் பயப்படுவது அதற்குத்தான்.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். டோரா குற்றம் சாட்டிய மனிதர் பிறகு அதை ஒப்புக்கொண்டார் என்பதையும், ஃப்ராய்டே அதைப் பதிவு செய்திருக்கிறார் என்பதையும் அடுத்த இதழில் போடுங்கள். கட்டுரை வந்த பக்கத்திலேயே போட்டால் நல்லது. இந்தக் கடிதத்தை முழுசாகப் போட இடமில்லை என்றால் வெளியிடவே வேண்டாம், திருத்தம் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலப் பிரிவுச் செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி