துப்ரோவ்னிக் போகிறவர்கள் கவனத்துக்கு

ஐயா,

தங்கள் இதழின் மத்தியதரைக் கடல் சுற்றுலாக் கட்டுரையில் குரோவேஷியா நாட்டின் துப்ரோவ்னிக் நகரின் அழகைச் சொன்ன அளவுக்கு விசாவைச் சொல்லவில்லை. குரோவேஷியா 2023 ஜனவரி முதல், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போனவர்கள், அங்கிருந்து அந்தப் பகுதிக்கு வெளியே உள்ள போஸ்னியாவின் மோஸ்தாருக்கோ மாண்டினீக்ரோவின் கோட்டோருக்கோ ஒருநாள் டூர் பஸ் ஏறினால், திரும்பி உள்ளே வர முடியாது. எல்லை தாண்டியதுமே விசா முடிந்த கணக்கு. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பேக்கேஜ் பேசும்போதே ‘மல்டிபிள் என்ட்ரி’ கேளுங்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். மே விடுமுறைப் பயணத்துக்குத் தை மாதமே விண்ணப்பிக்கலாம்.

துப்ரோவ்னிக் பழைய நகரைச் சுற்றிய கோட்டை மதில் 1,940 மீட்டர், ஒருவழிப் பாதை. படிகள் அதிகம், நிழல் அரிது. சித்திரை வெயிலைப் பார்த்தவர்களுக்கும் மதியத்தில் தலை சுற்றும். கதவு திறந்ததும் ஏறிவிட்டால் சுற்றுலாக் கப்பல்களில் வரும் கூட்டத்துக்கும் தப்பலாம். டிக்கெட்டை வழியிலும் பார்ப்பார்கள், எறிந்துவிடாதீர்கள். கீழே பழைய நகரின் முக்கிய வீதியான ஸ்த்ராதூன் தெருவின் சுண்ணாம்புக்கல் தேய்ந்து பளபளப்பது. தூறல் விழுந்தால் எண்ணெய் சிந்திய பிரகாரம் மாதிரி வழுக்கும், ரப்பர் செருப்பு ஆகாது. தண்ணீருக்குக் காசு வேண்டாம்: பழைய நகரின் பீலே வாசலுக்குள் நுழைந்ததும் உள்ள ஒனோஃப்ரியோ நீரூற்றில் பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், மயிலாடுதுறை