நான்கு சொற்களுக்கும் ‘ரத்து’ ஒன்றுதான் பொருளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டை முருகன்குறிச்சி அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வங்கித் தேர்வுக்கும் எஸ்எஸ்சி தேர்வுக்கும் படிக்கும் பிள்ளைகள் ஆங்கில நாளிதழ்களின் தலையங்கப் பக்கத்தையும், அதிலிருந்து எடுத்தெழுதிய சொற்பட்டியலையும் நகலெடுக்க நாள்தோறும் வருகிறார்கள். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் ஆகையால், இயந்திரத்தில் வைக்கும் முன் இரண்டையும் ஒருமுறை படித்துவிடுவது என் வழக்கம்.

சென்ற வாரம் ஒரு மாணவி கொண்டுவந்த நோட்டில், நடுவே கோடு போட்ட பக்கத்தின் இடப்புறம் ‘அபேயன்ஸ், சஸ்பெண்ட், ரிவோக், டெர்மினேட்’ என்ற நான்கு சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. வலப்புறம் முதல் சொல்லுக்கு நேரே ‘ரத்து’ என்று எழுதி, மற்ற மூன்றுக்கும் டிட்டோ போட்டிருந்தார். பயிற்சி மையத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம்.

அந்தப் பட்டியல், இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட சிந்து நதி ஒப்பந்தம் பற்றிய தலையங்கம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி வாசித்த அறிவிப்பில் அந்த ஒப்பந்தம் ‘ரிவோக்’ (திரும்பப் பெறுதல்) செய்யப்பட்டதாகவோ ‘டெர்மினேட்’ (முடிவுக்குக் கொண்டுவருதல்) செய்யப்பட்டதாகவோ இல்லை. ‘அபேயன்ஸ்’ நிலையில், அதாவது இப்போதைக்குச் செயல்படாமல் நிறுத்திவைத்த நிலையில், வைக்கப்படுவதாகவே இருந்தது. 1960இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தமோ, இரு அரசுகளும் சேர்ந்து வேறோர் ஒப்பந்தம் செய்து முடித்துக்கொள்ளும் வரை நீடிக்கும் என்று தன் 12ஆவது பிரிவில் கூறுகிறது. ஒப்பந்தங்களுக்கான 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையிலும் ‘சஸ்பென்ஷன்’ (இடைநிறுத்தம்), ‘டெர்மினேஷன்’ இரண்டுக்கும் விதிகள் உண்டே தவிர, ‘அபேயன்ஸ்’ என்ற சொல் இல்லை. அளந்து போட்ட அந்தச் சொல்லைப் பற்றியே சட்ட அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்க, நம் பிள்ளைகள் அதற்கு நேரே ‘ரத்து’ என்று எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். அதே அறிவிப்பில் வந்த ‘அப்ஜூர்’ என்பது பட்டியலில் ‘அட்ஜூர்’ ஆகியிருந்தது. முன்னது ஒன்றைத் துறப்பதாக உறுதிகூறிக் கைவிடுவது. பின்னது ஒருவரை ஆணையிட்டு வேண்டிக்கொள்வது.

திருச்செந்தூர் ரயில் ரத்து என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம், நிறுத்திவைப்பு என்றால் பிளாட்பாரத்திலேயே காத்திருப்போம் என்று நான் சொன்னதும் அந்த மாணவிக்கு வேறுபாடு உடனே விளங்கிவிட்டது. பிள்ளைகளுக்குப் புத்தி போதவில்லை என்பதல்ல என் குறை. தமிழில் இருக்கும் வேறுபாட்டையே நாம் அவர்களுக்குக் காட்டுவதில்லை. சிந்து நதி ஒப்பந்தம் ‘ரத்து’ என்று அன்று தலைப்பிட்ட தமிழ்ச் செய்திகளுக்கும் இதில் பங்குண்டு என்பதை மன்னிக்கக் கோரிச் சொல்கிறேன். தூதரை ஒரு நாடு திரும்ப அழைத்துக்கொள்வதும், எதிர் நாடு அவரை வெளியேற்றுவதும் வேறு வேறு. இரண்டும் ‘தூதர் வெளியேற்றம்’ என்று நம் ஏடுகளில் வந்து பார்த்திருக்கிறேன்.

எளிய சொற்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. கச்சத்தீவு பற்றிய 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்துசெல்ல ‘அக்சஸ்’ உண்டு என்கிறது. அந்தச் சொல் மீன்பிடிக்கும் உரிமையையும் குறிக்கும் என்று தமிழகத்தில் வாதிடுகிறோம். வலை உலர்த்தவும், இளைப்பாறவும், அந்தோணியார் திருவிழாவுக்கு வரவும் மட்டுமே என்கிறது இலங்கை. அரசியலுக்குள் நான் போகவில்லை. உவரியிலிருந்தும் கூத்தங்குழியிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கு ‘அணுகல்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிவைத்துக்கொண்டு போவதுதான் வருத்தமாக இருக்கிறது.

எனவே, வெளியுறவு குறித்துத் தாங்கள் தலையங்கம் எழுதும் நாள்களில், மூல அறிக்கையில் உள்ள மூன்று நான்கு ஆங்கிலச் சொற்களையும், அவற்றுக்குத் தாங்கள் தேர்ந்த தமிழ்ச் சொற்களையும், ஏன் வேறு சொல்லைத் தேரவில்லை என்பதையும் ஓரமாக ஒரு சிறு கட்டத்தில் அச்சிட வேண்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான இணைப்பில் போட்டுவிட வேண்டாம். தேர்வுக்குப் படிப்பவர்கள் அதைப் புரட்டுவதில்லை. அவர்கள் நகலெடுக்கக் கொண்டுவருவது தலையங்கப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை.