வகுப்பில் தூங்கும் பிள்ளையும் மூளையின் பெப்டைடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில் செரோடோனினைத் 'தூக்கம் தரும் ரசாயனம்' என்று எழுதியிருந்தது. படுக்கும் முன் வாழைப்பழம் சாப்பிட்டால் மூளையில் அது கூடும் என்றும் இருந்தது. இரண்டையும் ஏற்க முடியவில்லை. வாழைப்பழத்தில் செரோடோனின் உண்டு. ஆனால் ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழையாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

செரோடோனின்தான் தூங்க வைக்கிறது என்ற கருத்து, 1960களில் பிரான்சின் மிஷேல் ழுவே பூனைகளிடம் செய்த ஆய்வுகளால் பரவியது. பிறகு மூளையில் செரோடோனினைச் சுரக்கும் நியூரான்களின், அதாவது நரம்பு செல்களின், துடிப்பை நேரடியாகப் பதிவு செய்து பார்த்தார்கள். விழித்திருக்கும்போதுதான் அவை அதிகம் துடிக்கின்றன. தூங்கத் தொடங்கியதும் குறைகின்றன, கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய அடங்கிவிடுகின்றன. இதை வைத்து, தூக்கத்தில் செரோடோனினுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. விஷயம் அவ்வளவு எளிதல்ல.

இந்த நியூரான்களைத் தூண்டுபவற்றில் முக்கியமானது ஒரெக்சின் என்ற பெப்டைடு, அதாவது புரதத்தைப் போன்ற ஒரு சிறிய மூலக்கூறு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் சில பத்தாயிரம் நியூரான்கள் மட்டுமே இதைச் சுரக்கின்றன. 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. மூளைத்தண்டில் உள்ள ராஃபே பகுதிக்கு ஒரெக்சின் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள நியூரான்கள் செரோடோனினை வெளியிடுகின்றன. அந்தச் செரோடோனினே திரும்பி வந்து ஒரெக்சின் நியூரான்களை அடக்கவும் செய்கிறது. நாம் பகல் முழுக்க நிலையாக விழித்திருக்க இந்தக் கொடுக்கல் வாங்கலும் ஒரு காரணம்.

இது அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதைத்தான் உங்கள் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1999இல் ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மின்யோவின் குழு, திடீர் திடீரென்று தூங்கி விழும் டாபர்மேன் நாய்களிடம் ஒரெக்சினை ஏற்கும் புரதத்துக்கான மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டது. அடுத்த ஆண்டே, நார்கோலெப்ஸி என்ற தூக்க நோய் உள்ள மனிதர்களின் மூளையில் ஒரெக்சின் நியூரான்கள் பெரும்பாலும் அழிந்திருப்பது தெரியவந்தது. இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தலைகாட்டும். இரவு தூங்கியிருந்தாலும் பகலில் தூக்கம் அமுக்கும். பலருக்கு, வாய்விட்டுச் சிரித்தாலே முழங்கால் தளர்ந்து உடல் சரியும், ஆனால் நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். இதைப் பார்த்து வலிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. பேய் பிடித்தது என்பவர்களும் உண்டு.

நான் ஒரு உயிரியல் ஆசிரியை. கடைசி பெஞ்சில் தூங்கும் பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பது எங்கள் வழக்கம். தூங்குகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த நோய் இருக்காது, சரி. பெரும்பாலும் கைபேசியால் கெட்ட தூக்கம்தான். ஆனால் உண்மையில் இந்த நோய் உள்ள பிள்ளை 'சோம்பேறி' என்ற பட்டத்தோடு பல வருடங்கள் கழிக்கிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

சிரிக்கும்போது உடல் தளர்வதைக் கட்டுப்படுத்த, செரோடோனினையும் நார்அட்ரினலின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தையும் கூட்டும் வென்லாஃபாக்ஸின் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் தருகிறார்கள். அவற்றைத் தாமாகத் திடீரென்று நிறுத்தினால் அந்தத் தளர்ச்சி முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

அடுத்த இதழிலேயே அந்தக் குறிப்பைத் திருத்துங்கள். அப்புறம் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நார்கோலெப்ஸி பற்றி முழுக் கட்டுரை வாங்கிப் போடுங்கள். இரவுத் தூக்கப் பரிசோதனை, அதற்கு மறுநாள் பகலில் செய்யும் குட்டித் தூக்கப் பரிசோதனை இரண்டையும் அதில் விளக்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை,
கும்பகோணம்